யாரை நோக்கி?

துன்பப்படுகிறவனுக்கு உலகம் கொடுக்கும் பொருள்களுள் மிக மலிவானது உபதேசம். அதிலும், தனிமைப்பட்டுக் கிடப்பவனைப் பார்த்து, ‘மனத்தைத் தளரவிடாதே; நல்லதையே நினை; எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லும் உபதேசம், சொல்பவருக்கு யாதொரு சிரமமும் இல்லாமல், கேட்பவருக்கும் யாதொரு பயனும் இல்லாமல் முடிந்துபோவது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் தேசம் முழுவதும் கதவடைத்துக்கொண்ட நாட்களில், பேருந்தும் ரயிலும் நின்று, கோயில் நடையும் பள்ளிக்கூட வாயிலும் ஒருங்கே சாத்தப்பட்டு, ஊருக்குப் போகமுடியாத பிள்ளைகள் ஓரிடத்திலும் அவர்களை எதிர்பார்த்த பெற்றோர் வேறோரிடத்திலுமாகச் சிக்கிக்கொண்டிருந்தபோது, இத்தகைய உபதேசங்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஆனால், மனம் பிறர் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியாதது மட்டுமன்றி, தனக்குரியவன் இட்ட கட்டளைக்கும் கீழ்ப்படியாத சுபாவமுடையது என்பதை அந்நாட்களில் வீட்டுக்குள் இருந்தவர்களில் பலர் தம் அனுபவத்திலேயே கண்டிருப்பார்கள். ‘சந்தோஷமாக இரு’ என்று அதை ஏவினால், அது முன்னிலும் கவனமாகத் தன் துக்கங்களைக் கணக்கெடுக்கத் தொடங்குகிறது.

ஆயினும், நம்முடைய அடைப்பைக் காட்டிலும் பன்மடங்கு கொடிய அடைப்பில், இத்தனை நாளில் திறக்கும் என்ற நிச்சயமும் இல்லாமல், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இருந்து, சித்தம் கலங்காமலும் மனிதரோடுள்ள பந்தம் அறுபடாமலும் மீண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எதைப் பற்றிக்கொண்டு மீண்டார்கள் என்று விசாரித்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. விசாரித்ததில் எனக்குத் தோன்றிய அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அவர்களில் எவரும் உற்சாகத்தைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. தாம் செய்யும் காரியத்தைப் பெற்றுக்கொள்வதற்கு ஒருவரைத் தேடினார்கள். அவர் மதிலுக்கு அப்பால் இருந்தாரா, பக்கத்துக் கொட்டடியில் இருந்தாரா, நூற்றாண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தாரா என்பதைக்கூட அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒருவரை நோக்கியிருத்தல் என்ற அந்த நிலை கிடைத்தபின், உற்சாகம் என்று நாம் சொல்லும் குணம் சில நாள் தானே வந்தது. வராத நாளிலும் அவர்களுடைய வேலை நிற்கவில்லை.

தமிழனுக்கு இவ்விஷயத்தில் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் ஓட்டிய அவருக்கு, 1908-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தண்டனை விதித்தபோது வயது 35. இராஜத்துரோகமாகப் பேசினார் என்பதற்காக ஓர் ஆயுள் தண்டனையும், தம் தோழர் சுப்பிரமணிய சிவாவுக்கு இடங்கொடுத்து உதவினார் என்பதற்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதாயினும், கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலுமாக அவர் நான்கரை ஆண்டுக் காலத்தைக் கழித்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதிதான் வெளியே வந்தார். நீதிமன்றத்தில் வாதாடிய வாய்க்கும் கணக்கும் கடிதமும் எழுதிப் பழகிய கைக்கும் சிறைச்சாலை கொடுத்த உத்தியோகம் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவது. அதில் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தபின், மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுப்பது.

இந்தச் செக்கைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். அதற்கு மண்டபத்தில் இடங்கொடுத்துப் பாதுகாத்தும் வருகிறோம், அது தகும். ஆனால் செக்கை இழுத்த அதே சிறைவாசத்தில் அந்த மனிதர் வேறொரு காரியமும் செய்தார் என்பதை அத்தனை விரிவாகப் பேசியதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இல்ஃபிராகோம் என்ற சிறிய ஊரில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஆலன் என்பவர் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்த சிறுநூல் ஒன்றை அவர் தமிழாக்கினார்; ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரோடு 1909-ஆம் ஆண்டில், மொழிபெயர்த்தவர் சிறைக்குள் இருக்கையிலேயே, அது வெளிவந்தது. தம்மைச் சிறையிலிட்ட அரசாங்கத்தின் நாட்டவர் ஒருவர் எழுதியது என்ற காரணத்தால் அவர் அதனைத் தள்ளவில்லை. மனிதன் தன் எண்ணங்களால் ஆக்கப்படுகிறான், நல்லெண்ணம் நல்வாழ்வைத் தரும் என்பதே அந்நூலின் சாரம். இதைத்தானே சற்றுமுன் மலிவான உபதேசம் என்று சொன்னாய் என வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்வி.

ஜேம்ஸ் ஆலனின் கொள்கை மட்டுமே வ.உ.சி.யைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உரிந்த கையோடு இருப்பவன், ‘என் எண்ணமே என் வாழ்வு’ என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் கை வலிக்கத்தான் செய்யும். அவரைத் தாங்கியது அந்தக் கொள்கையைத் தமிழாக்கும் உழைப்பு என்றே எனக்குப் படுகிறது. ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்காரும் மனிதன், அது தனக்கு விளங்கியதோடு திருப்தியடைய முடியாது. ஒட்டப்பிடாரத்திலோ தூத்துக்குடியிலோ ஆங்கிலம் அறியாத ஒருவன் திண்ணையில் அமர்ந்து அதைப் படிக்கும்போது எந்தச் சொல்லில் தட்டித் தடுமாறுவான், எந்தச் சொல்லில் முகம் மலர்வான் என்று ஒவ்வோர் அடியிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணுகிற அந்த நாழிகையில் அவன் தன் கொட்டடியில் தனியாக இல்லை. உபதேசத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு, அதை இன்னொருவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. கேட்பவனைத் தனிமை விட்டுவிடுவதில்லை. கொண்டுபோகிறவனுக்கு அதைக் கவனிக்க அவகாசம் குறைகிறது.

கண்ணனூரில் இந்த உறவு இன்னும் நெருங்கி வந்தது. அங்கே தம்மோடிருந்த கைதிகளுக்காக அவர் இயற்றத் தொடங்கியதே ‘மெய்யறம்’. ஓரடிச் சூத்திரங்களாக, மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்ற ஐந்து பகுதிகளில் 125 அதிகாரங்கள் கொண்டதாகக் குறளின் அடியொற்றி எழுந்த அந்நூல் 1914-இல் அச்சேறியது. அதன் இலக்கியத் தகுதியை எடைபோடுவது இங்கே நம் நோக்கமன்று. தமக்கென ஒரு காகிதத் துண்டையும் அதிகாரியின் தயவில் பெறவேண்டியிருந்த ஒரு மனிதர், திருடியதற்காகவும் அடித்ததற்காகவும் சிறைக்கு வந்திருந்தவர்களை மாணாக்கர்களாகப் பாவித்து, அவர்கள் வாயில் நிற்கவேண்டும் என்பதற்காகவே அறத்தை ஒவ்வோர் அடியாகக் குறுக்கிக் கொடுத்தார் என்பதே கவனிக்கத்தக்கது. கைதிகளும் வாங்கிக்கொள்பவர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. முன்பு கோயம்புத்தூரில் இருந்தபோது வடுகராமன் என்ற கைதி அவரைக் காணும்போதெல்லாம் கைகூப்பி வணங்குவது வழக்கம். ஜெயிலர் அதைக் கண்டித்தும் அவர் நிறுத்தவில்லை. பேச்சுக்கும் இடமில்லாத அந்த இடத்தில் ஒருவர் கைகூப்புவதும் மற்றவர் அதை ஏற்பதும், அதிகாரிகள் அஞ்சத்தக்க அளவுக்கு, ஒரு முழுச் சம்பாஷணையாகவே இருந்திருக்கிறது.

ஒருவரை நோக்கியிருத்தல் என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்கு ஒரு வேளையும் வேண்டும். 1930-ஆம் ஆண்டில் எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள், செவ்வாய்க்கிழமை தோறும் அதிகாலைப் பிரார்த்தனை முடிந்தவுடன் சபர்மதி ஆசிரமத்தாருக்கு ஒரு கடிதம் எழுதுவதை நியதியாக வைத்துக்கொண்டார். சத்தியம், அகிம்சை, பிரமசரியம், நாவடக்கம் என்று வாரத்துக்கு ஒரு விரதத்தைப் பற்றி எழுதிய அக்கடிதங்கள் ஆசிரமப் பிரார்த்தனையில் வாசிக்கப்பட்டன. பிற்பாடு நூலாகவும் தொகுக்கப்பட்டன. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்று வரப்போகிறது, அன்று காலையில் தம் சொல்லை எதிர்பார்ப்பவர் இருப்பார் என்று அறிந்த கைதிக்கு, இடையிலுள்ள ஆறு நாட்களும் வெறும் நாட்களாய் இருப்பதில்லை. சிறையின் பெருங்கொடுமை எல்லா நாளையும் ஒரே நாளாக்கிவிடுவதுதான். அந்தக் கொடுமைக்குக் காந்தியடிகள் கண்ட பரிகாரம் ஒரு கிழமையைப் பெயர் சொல்லி எடுத்துத் தனியே வைத்ததேயாகும்.

அதே ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி, நைனிச் சிறையிலிருந்து ஜவஹர்லால் நேரு தம் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்திராவுக்கு நம் நாட்டுப் பஞ்சாங்கப்படி அன்று பதின்மூன்றாம் பிறந்தநாள். சிறைக்குள்ளிருக்கும் தகப்பன் பிறந்தநாளுக்கு என்ன வாங்கி அனுப்ப முடியும்? கடையில் வாங்கமுடியாத ஒன்றை அனுப்பலாம் என்று தொடங்கிய அந்தப் பரிசு, 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை, இடையிடையே விடுதலையும் மறுகைதுமாக, 196 கடிதங்களாக வளர்ந்து, மானிட ஜாதியின் சரித்திரம் முழுவதையும் ஒரு பெண் குழந்தைக்குச் சொல்லும் பெருநூலாய் முடிந்தது. கைவசம் பெரிய நூலகமோ ஆராய்ச்சி வசதியோ இல்லாமல், படித்ததன் ஞாபகத்தையும் குறிப்புப் புத்தகங்களையும் நம்பியே அவர் எழுதினார். எழுதியவை எல்லாம் எழுதிய உடனே மகளின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடவும் இல்லை. அவர் பக்கத்திலேயே கட்டுக் கட்டாகக் கிடந்தவையும் உண்டு. ஆனால் கிரேக்கரைப் பற்றியும் சீனரைப் பற்றியும் எழுதும்போதெல்லாம், இந்த இடத்தில் அவள் என்ன கேட்பாள், இது அவளுக்கு அலுப்புத் தட்டுமோ என்று நின்று நின்று பேசுகிற அந்தக் குரல், தபால் போய்ச் சேர்வதற்கு முன்பே மகளைத் தகப்பனின் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

தபாலே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி விடியலில் பம்பாயில் பிடிக்கப்பட்ட காங்கிரஸ் காரியக் கமிட்டியார் பன்னிருவர் ஆமத்நகர்க் கோட்டைக்குள் அடைக்கப்பட்டபோது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையே அரசாங்கம் இரகசியமாக வைத்திருந்தது. முதல் சில வாரங்களுக்குப் பத்திரிகையும் இல்லை, கடிதமும் இல்லை. அப்போது காங்கிரஸ் தலைவராயிருந்த மௌலானா அபுல் கலாம் ஆசாத், விடியலுக்கு வெகு நேரம் முன்னே எழுந்து, தமக்கு மிகவும் பிரியமான சீனத்து மல்லிகைத் தேநீரைத் தாமே தயாரித்துக்கொண்டு, தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு உருது மொழியில் கடிதம் எழுத உட்காருவார். அக்கடிதங்கள் அனுப்பப்பட மாட்டா என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் முறைப்படி விளித்து, தேதியிட்டு எழுதினார். கடவுளைப் பற்றியும் சங்கீதத்தைப் பற்றியும் தேநீரின் தாரதம்மியங்களைப் பற்றியும் எழுதினார். தம் அறையின் கூரைச் சந்தில் கூடுகட்டிய சிட்டுக்குருவிகளோடு முதலில் யுத்தம் செய்து தோற்று, பின்னர் அரிசி இறைத்துச் சமாதானம் பேசி, கடைசியில் அவை அச்சமின்றித் தம் மேலேயே வந்து அமரும் அளவுக்குச் சிநேகமாகிய வரலாற்றையும் விரிவாக எழுதினார். விடுதலைக்குப் பின், 1946-இல், ‘குபாரே காதிர்’ என்ற பெயரில் வெளியான அந்தத் தொகுதி உருது உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாக இன்றளவும் மதிக்கப்படுகிறது.

அனுப்பமுடியாத கடிதத்தை ஏன் கடிதமாகவே எழுதவேண்டும்? நாட்குறிப்பாக எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். நாட்குறிப்பில் மனிதன் தனக்குத்தானே பேசுகிறான். தன்னிடம் பேசுகையில் மரியாதை குறைந்துபோகிறது, முறையீடு மிகுந்துவிடுகிறது, சொன்னதையே சொல்லவும் கூச்சம் இருப்பதில்லை. நண்பன் எதிரே அமர்ந்திருப்பதாகப் பாவித்து எழுதும்போதோ, விருந்தினர் வந்த வீட்டில் குப்பையைக் கூட்டி விளக்கேற்றி வைப்பது போல, மனம் தன்னைத் திருத்திக்கொண்டு முன்வருகிறது. கஷ்டத்தைச் சொன்னாலும் கேட்பவர் தாங்கும் அளவறிந்து சொல்கிறது. சிரிப்பதற்கு ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்க்கிறது. ஆசாத்தின் குருவிக் கதையில் நாம் காணும் நகைச்சுவை, சிறையில் சந்தோஷமாக இருந்த ஒருவரின் நகைச்சுவை என்று கொள்வது பிழை. அது ஒரு நண்பருக்குச் செய்த உபசாரம்.

ஏனெனில் அதே கோட்டையில் இருக்கையில்தான் அவருடைய மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்று, 1943-ஆம் ஆண்டு ஏப்ரலில், கணவரைக் காணாமலேயே காலமானார். அரசாங்கத்திடம் இதற்காக எதையும் யாசிக்க ஆசாத் சம்மதிக்கவில்லை. அந்த நாட்களிலும் அவருடைய அன்றாட நியமங்கள் வெளிப்பார்வைக்கு மாறவில்லை. ஆனால் அந்த மரணத்தைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தாம் வெளியே காட்டிய அமைதிக்கும் உள்ளே நடந்ததற்கும் இடையிலிருந்த தூரத்தை அவர் மறைக்கவில்லை. தளராத மனம் என்று நாம் போற்றுவதன் உண்மை ஸ்வரூபம் அதுதான் போலும்: மனம் தளர்ந்துதான் போகிறது, தளர்ந்த மனத்தை ஒருவரிடமாவது ஒளிக்காமல் சொல்ல முடிகிறபோது, மறுநாளைய தேநீருக்கு எழுந்திருக்கவும் முடிகிறது.

இவர்களெல்லாம் எழுத்தறிந்த பெரியவர்கள், கையில் மையும் காகிதமும் உள்ளவர்கள். சாமானியன் கதி என்ன என்ற ஆட்சேபத்துக்கு மறுமொழியாகத் அண்டார்க்டிகாவுக்கு அருகிலுள்ள யானைத் தீவைப் பார்க்கலாம். எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் அண்டார்க்டிகாவைக் கடந்துவிடப் புறப்பட்ட 28 பேர், தங்கள் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலை 1915-இல் பனிக்கடல் நொறுக்கி விழுங்கிவிட்ட பிறகு, மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் மாதக்கணக்கில் குடியிருந்து, 1916-ஆம் ஆண்டு ஏப்ரலில் மூன்று படகுகளில் அத்தீவின் கரையை அடைந்தார்கள். ஒரு படகில் ஐவரை அழைத்துக்கொண்டு உதவி தேடி ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாத் தீவை நோக்கிப் பெருங்கடலில் போய்விட்டார். எஞ்சிய 22 பேர், மற்ற இரு படகுகளையும் கற்சுவரின் மேல் கவிழ்த்துக் கூரையாக்கி, சீல் கொழுப்பு எரியும் புகையில் கண் கரிக்க, சீலையும் பென்குவினையும் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். போன படகு கரை சேர்ந்ததா என்று அறிய அவர்களுக்கு எவ்வித வழியும் இல்லை. தாம் அங்கே இருப்பதை அந்தப் படகில் போன ஆறு பேரைத் தவிர உலகில் வேறெவரும் அறியார்.

அவர்களுக்குப் பொறுப்பாக விடப்பட்ட ஃபிராங்க் வைல்ட் என்பவர் தத்துவஞானி அல்லர். கரையோரம் பனிக்கட்டி விலகித் தெளிந்திருக்கும் காலைகளில், ‘படுக்கையைச் சுருட்டிக் கட்டுங்கள், தலைவர் இன்று வரக்கூடும்’ என்று சொல்லுவார். அவ்வளவுதான். நம்பிக்கை என்ற பெரிய பொருளை அவர் யாரிடமும் கேட்கவில்லை. படுக்கையைச் சுருட்டுவது என்ற சிறிய காரியத்தைக் கேட்டார். நம்பாதவனும் படுக்கையைச் சுருட்ட முடியும். சுருட்டிய பிறகு, வருகிறவரை எதிர்பார்த்து நிற்பவனின் கோலம் அவனுக்கு வந்துவிடுகிறது. கப்பலைக் கைவிடும்போது, ஒவ்வொருவரும் சொற்ப எடைக்கு மேல் எதையும் எடுத்துக்கொள்ளலாகாது என்று விதித்த ஷாக்கிள்டன், ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ வாத்தியத்துக்கு மட்டும் விலக்களித்து, மனத்துக்கு அதைவிட மருந்து வேறில்லை என்று வற்புறுத்தி எடுத்துவரச் செய்தார். யானைத் தீவின் இருளில் அந்தத் தந்தியோசையும், வேளை தவறாமல் பாடிய பாட்டும், வீட்டிலுள்ள பெண்மக்களை நினைத்துச் சனிக்கிழமை தோறும் பருகிய வாழ்த்தும் நடந்துகொண்டே இருந்தன. சிலி நாட்டின் ‘யெல்சோ’ கப்பலில், நான்காவது முயற்சியில், ஆகஸ்டு 30-ஆம் தேதி ஷாக்கிள்டன் வந்து சேர்ந்தபோது 22 பேரும் உயிரோடிருந்தார்கள்.

இப்படிச் சொல்லிக்கொண்டு போவதில் ஓர் அபாயம் இருக்கிறது. மீண்டவர்களின் கதையை மட்டும் அடுக்கிவிட்டு, ஆகவே எல்லாரும் மீளலாம் என்று முடித்துவிட்டால், மீளாதவர்கள் ஏதோ குணக்குறையால் வீழ்ந்தார்கள் என்ற அநீதியான அர்த்தம் தொனிக்கும். வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் சித்தம் கலங்கிய அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் அதன்பின் தெளியவே இல்லை. சிறைக்குள் இருந்தவர் நிலைகுலையாமலிருக்க, வெளியே சுதந்திரமாக இருந்தவர் நிலைகுலைந்தார். அவர் அன்பில் குறைந்தவரா, தைரியத்தில் குறைந்தவரா? அண்ணனுக்கு எதிரே ஒரு செக்காவது இருந்தது. செய்து தீரவேண்டிய வேலையும் அதற்குப் பிறகு எழுதவேண்டிய பக்கமும் இருந்தன. தம்பிக்கு இருந்ததோ, தன்னால் எதுவும் செய்ய இயலாத ஒரு பெருந்துக்கம் மட்டுமே. அடைபட்டவர்களைப் பற்றி எழுதும் நாம், அவர்களுக்காகக் காத்திருந்து தேய்ந்தவர்களின் தனிமையை எழுதுவதில்லை. கணவருடைய மேல்முறையீட்டுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அலைந்த வ.உ.சி.யின் மனைவி மீனாட்சி அம்மாளுக்கு நூல் எழுத அவகாசம் ஏது?

அடைப்பு நீங்கிய அன்றே தனிமையும் நீங்கிவிடும் என்று எண்ணுவதும் தவறு. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைவாயில் திறந்தபோது, ஒருகாலத்தில் வ.உ.சி.யின் பேச்சைக் கேட்கத் தூத்துக்குடியில் திரண்ட ஜனக்கூட்டத்தில் ஒரு சிறு பகுதிகூட அங்கே இல்லை. சுப்பிரமணிய சிவாவும் சொந்தக்காரர் சிலருமே வந்திருந்தார்கள். கப்பல் கம்பெனி கலைந்து, கப்பலும் கைமாறிவிட்டிருந்தது. வக்கீல் தொழில் செய்யும் சன்னதும் பறிபோயிருந்தது. சிறைவாசத்தைக் காட்டிலும் நீண்ட, சிறைவாசத்துக்குள்ள புகழும் இல்லாத ஒரு தனிமை அவருக்கு வெளியே காத்திருந்தது. அப்போது அவர் யாரை நோக்கித் திரும்பினார் என்பது அவருடைய நூற்பட்டியலைப் பார்த்தால் தெரியும். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைத் தேடி, அறத்துப்பாலை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையை ஆராய்ந்து பதிப்பிப்பதில் பல ஆண்டுகள் உழைத்தார். உயிரோடிருந்தவர்கள் மறந்துபோன காலத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏட்டில் எழுதிவைத்துவிட்டுப் போன இரண்டு உரையாசிரியர்களோடு அவர் சகவாசம் செய்தார். அதுவும் ஒருவழிப் பேச்சாக முடிந்துவிடவில்லை. அவர்கள் சொல்லைச் செப்பம் செய்து, இன்னும் பிறக்காத வாசகனிடம் ஒப்படைத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அவர் மறைந்தபோது, முன்னிருந்த செல்வம் இல்லை. ஆனால் முன்னோரோடும் பின்னோரோடும் அவர் கொண்ட தொடர்பு அறுந்திருக்கவில்லை.

இந்த வெளிச்சத்தில் 2020-ஆம் ஆண்டின் அடைப்பைத் திரும்பிப் பார்த்தால், நம்மிடம் எது இருந்தது, எது குறைந்தது என்பது புலனாகிறது. ஆசாத்துக்குக் கிடைக்காத தபாலைப்போல் ஆயிரம் மடங்கு வேகமுள்ள சாதனம் நம்மில் பெரும்பாலோர் கையிலேயே இருந்தது. காலை வணக்கமும் கஷாயக் குறிப்பும் நம்பிக்கை வாசகமும் ஒரு விரலசைவில் இருநூறு பேருக்குப் போயின. இருநூறு பேருக்குப் போனது ஒருவருக்கும் வந்து சேரவில்லை. பெற்றவர் அதைத் தமக்கு எழுதியதாக எண்ணவில்லை. அனுப்பியவரும் எவரையும் நினைத்து அனுப்பவில்லை. அதே நாட்களில், நோயாளியின் பக்கத்தில் உறவினர் எவரும் நிற்கக் கூடாதென்றிருந்த மருத்துவமனைகளில், கவச உடைக்குள் வியர்த்துக் கொட்டிய செவிலியர்கள், மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தவரின் முகத்தருகே அலைபேசியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையிலிருந்த மகளோ மகனோ அழைத்து முடிக்கும்வரை நின்றார்கள். சாதனம் இரண்டிடத்திலும் ஒன்றே. ஒன்றில் பெயர் சொல்லி அழைப்பவர் ஒருவரும், அழைக்கப்படுபவர் ஒருவரும் இருந்தார்கள்.

ஆகவே, தனிமையில் இருப்பவரிடம் நாம் எதைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு நான் வந்து சேரும் முடிவு சற்று விபரீதமாகத் தோன்றக்கூடும். உற்சாகத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அது நம்மிடமும் அத்தனை மிகுதியாக இல்லை. அவரிடமிருந்து பெறவேண்டிய ஒரு தேவையைக் கொண்டுபோவோம். காந்தியடிகளுக்கு ஆசிரமத்தார் இருந்ததைப்போல், நேருவுக்கு மகள் இருந்ததைப்போல், வ.உ.சி.க்குக் கண்ணனூர்க் கைதிகள் இருந்ததைப்போல், வாங்கிக்கொள்ளக் கைநீட்டுகிற ஒருவராக நாம் அவர் முன் போய் நிற்கலாம். ஊரிலே தனித்திருக்கும் பாட்டியை அலைபேசியில் கூப்பிட்டு, ‘தைரியமாக இருங்கள்’ என்று சொன்னால், ‘ஆகட்டும்ப்பா’ என்று அவர் வைத்துவிடுவார். பங்குனி, சித்திரையில் மாவடு வந்திருக்கும்போது கூப்பிட்டு, ‘பாட்டி, படிக்கு எவ்வளவு உப்புப் போடணும்? விளக்கெண்ணெய் எப்போது தடவணும்?’ என்று கேட்டால், அந்தப் பேச்சு உப்பில் தொடங்கி, அவர் மாமியார் வீட்டு ஜாடியின் உயரம் வழியாகப் போய், அரை நாழிகைக்குள் முடியாது. நாலு நாள் கழித்து, வடு சுருங்கிற்றா என்று அவரே கூப்பிட்டுக் கேட்பார். ஒரு நிபந்தனை உண்டு. உப்பின் அளவு நமக்கு உண்மையாகவே தெரியாமலிருக்க வேண்டும். ஊறுகாயை உண்மையாகவே போடவும் வேண்டும். பாவனைக்குக் கேட்கும் கேள்வியை வயதானவர்கள் முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்வார்கள்.